வெறுங்கையோடு போனவர்கள்

சாமுண்டீஸ்வரியின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவள். கம்பெனியை மூடியதும், அதே ஊரில் எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் அதே வேலை கிடைத்தது. போல்ட்டுக்குப் பதிலாக ஆணுறைப் பெட்டிகள். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். வெயில் படாத சுவரோரம், தரையில் ஈரம் ஏறாமல் பலகை மேல். காலாவதியாகி வீணானது என்று ஒரு பெட்டியைக்கூட அவள் எழுதியதில்லை. மாவட்ட அலுவலகத்தில் சரக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்ட லோகநாதன், கூட்டங்களில் அவள் ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டி, "இப்படி இருக்கணும்" என்பார்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை யுவராணி கேட்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

யுவராணி கள்ளிக்குப்பத்துக்காரி. ஒரு காலத்தில் பாலியல் தொழிலில் இருந்தவள். இப்போது அந்தப் பெண்களுக்கு ஆணுறை கொண்டுபோய்க் கொடுப்பதும், அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதும்தான் அவள் வேலை. நிறுவனத்தின் ஆறு களப்பணியாளர்களில் அவள்தான் அதிகம் நடப்பவள், அதிகம் சண்டை போடுபவளும்.

"யக்கா, இந்த வாரமும் இத்தினிதானா? பத்தாதுக்கா."

"போன மாசம் எவ்ளோ குடுத்தியோ அத வச்சுதான் இந்த மாசம் வருது யுவராணி. அதான் கணக்கு."

"போன மாசம் நீ குடுத்தத நான் குடுத்தேன். நீயே கம்மியா குடுத்தா, நான் எங்கேருந்து அதிகமா குடுப்பேன்?"

"ரிஜிஸ்டர்ல தப்பு இருந்தா காட்டு."

"உன் ரிஜிஸ்டர்ல தப்பே இல்லக்கா. ஆனா கைய விரிச்சி அனுப்பினவங்கள அதுல எங்க எழுதுவ?"

சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்தது. ரிஜிஸ்டரை மூடினாள். யுவராணி பையிலிருந்து ஒரு புடவைப் பெட்டியின் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அட்டை முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள், வரிசை வரிசையாக.

"எனக்கு எழுத்து அவ்ளோ ஓடாதுன்னு உனக்குத் தெரியும். சரக்கு தீந்து போயி நான் இல்லன்னு சொன்ன ஒவ்வொருத்திக்கும் ஒரு பொட்டு. மூணு மாசமா ஒட்டிகினு வரேன். கறுப்பு, வழக்கமா வர்றவங்க. செவப்பு, மொத தபா வந்தவங்க. மொத தபா வந்தவ வெறுங்கையோட போனா, ரெண்டாந்தபா வரவே மாட்டாக்கா."

அவள் போன பிறகு சாமுண்டீஸ்வரி அட்டையை எண்ணினாள். இருநூற்று எண்பத்தாறு. அதில் தொண்ணூறுக்கு மேல் சிவப்பு. எஸ்டேட் பக்கம் புதிது புதிதாக விடுதிகள் கிளம்பியிருந்தன, ஆட்கள் கூடியிருந்தார்கள். பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துப் புரட்டினாள். போன வருடம் ஒரு மாதம் சரக்கு பாதிதான் வந்திருந்தது. பாதி வந்ததால் பாதிதான் கொடுத்தார்கள். பாதி கொடுத்ததால் அடுத்த மாதத் தேவையும் பாதி என்றே கணக்கு சொன்னது. அன்றைக்குச் சுருங்கியது பிறகு நிமிரவே இல்லை. ஒவ்வொரு மாதமும் அவளேதான் அதை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது ஏதாவது ஆகியிருந்தால்? மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

மறுநாள் அட்டையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து லோகநாதனைப் பார்க்கப் போனாள். யுவராணி சொன்னதை அவள் சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"கணக்குப் போடற முறைய மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"தெரியும் சார். ஆனா நான் எழுதி அனுப்பினது பொய்யில்லன்னாலும் உண்மையும் இல்ல. அத சொல்லாம இருக்க முடியல."

அவர் அட்டையை மேஜைமேல் வைத்தார். பிறகு, "சரக்கு கேட்டு நீங்க அனுப்பற விண்ணப்பத்துல கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. யாரும் எழுதறதில்ல. வெறுங்கையோட போனவங்க கணக்க நீங்க அதுல எழுதுங்க. கீழ நான் கையெழுத்து போடறேன். மேல கேள்வி வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் எழுந்து நின்று கும்பிட்டபோது, "என்னைக் கும்பிடாதீங்க, அந்தப் பொண்ண நல்லா பாத்துக்கங்க" என்றார்.

அன்றிலிருந்து ஆறு களப்பணியாளர்களும், சரக்கு இல்லை என்று தாங்கள் திருப்பி அனுப்பியவர்களையும் கணக்கு வைத்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் நோட்டில் குறித்தார்கள். யுவராணி கேட்டுக்கொண்டதால் அவளுக்கு மட்டும் பொட்டு அட்டையே தொடர்ந்தது. இரண்டாவது மாதம் முடிவதற்குள் சரக்கு ஏறத்தாழ இரு மடங்கானது. அடுத்து வந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, அவசரத்துக்கென்று மூன்று மாத இருப்பு முதல்முறையாக அவளுடைய அறையில் நின்றது.

அதற்கிடையில் பரிசோதனை முகாம் நடந்தது. ஆலோசகர் சித்ரா யாருடைய பெயரையும் வெளியே சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது. முகாம் முடிந்து ஸ்டோர்ஸ் வாசலில் வந்து நின்றாள். "இந்தத் தடவ நம்ம ஏரியாவுல புதுசா யாருக்கும் இல்லக்கா. ஒருத்தருக்கும் இல்ல."

சாமுண்டீஸ்வரி சரி என்று தலையாட்டினாள். சித்ரா போனதும் கதவைச் சாத்திவிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் மாங்காட்டு அம்மனில் தொடங்கி, தெரிந்த பெயர்களையெல்லாம் சொன்னாள்.

ஐப்பசியில் மேலிருந்து வரவேண்டிய சரக்கு நின்றுபோனது. எங்கேயோ ஒரு கையெழுத்து பாக்கியாம், எங்கேயோ லாரி கிளம்பவில்லையாம். சரியான காரணம் இவர்கள்வரை வரவே இல்லை. ஐந்து வாரம். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு நிறுவனமாகக் கைவிரித்தது. அம்பத்தூரில் மட்டும் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. நான்காவது வாரம் லோகநாதன் போன் செய்து, பூந்தமல்லிக்குக் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆள அனுப்புங்க சார், எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

பூந்தமல்லி நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் பார்க்கும் வித்யா மழையில் நனைந்தபடி ஷேர் ஆட்டோ ஒன்றைப் பேசிக்கொண்டு வந்தாள். பெட்டிகள் ஏறியதும் சாமுண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாளா இல்லன்னு சொல்லிச் சொல்லி வாயே கசந்துபோச்சுக்கா. நீங்க மட்டும் இல்லன்னா..."

"எனக்குச் சொல்லாதம்மா. இல்லன்னு திரும்பிப் போனவங்களையும் கணக்குல சேக்கணும்னு எனக்குத் தெரியவே தெரியாது. என் கண்ணைத் தொறந்தவ அதோ நிக்கிறா" என்று, பையில் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த யுவராணியைக் காட்டினாள். பிறகு இத்தனை மாதமாக வாய்வரை வந்து நின்றதை எல்லார் முன்னாலும் சொன்னாள். "அன்னிக்கு நீ சண்டை போட்டல்ல, அதுக்கு ரொம்ப நன்றி யுவராணி. நான் உன்மேல கோவப்பட்டேன். தப்பு என்னுதுதான்."

யுவராணிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "இன்னாக்கா நீ, எங்கிட்ட போயி தேங்ஸெல்லாம் சொல்லிகினு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்படியே ஆட்டோ பக்கம் திரும்பி, "அண்ணாத்தே, பொட்டிங்கமேல தார்ப்பாய நல்லா இயுத்து மூடு. ஒண்ணு நனையக்கூடாது, ஆமா!" என்று அதட்டினாள்.