கோகிலாவின் மூன்றாவது வெட்ஜ்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், ஆயுத பூஜை கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, மலாக்கா காஜா பெராங்கில் கொல்லைப்புறக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோகிலா பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை உயரத்துக்கு எழும்பி, அங்கே ஒரு மூச்சு நேரம் நின்று, மறுபடி இறங்கினாள். கையில் கணவனின் ஈரச் சட்டை. அன்று பாசாரில் கெம்போங் மீன் மலிவு, வெங்காயம் ஏற்றம். வேலிக்கு அந்தப் பக்கம் மீன் அலசிக்கொண்டிருந்த ஜமீலா நிமிர்ந்து பார்த்து, "ஏய் கோகிலா, மேல என்னா வேலைலா?" என்று கேட்டாள். "தெரியலக்கா, தானா தூக்குது," என்றாள் கோகிலா. சொல்லி முடிக்குமுன் மறுபடி தூக்கியது. அன்று மதியத்துக்குள் இப்படிப் பல தடவை ஏறி இறங்கினாள். ஒரு தடவை மட்டும் ஏறாமல் கணுக்கால் வரை மண்ணுக்குள் போனாள். ஜமீலாதான் வந்து பிடித்து இழுத்துவிட்டாள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், அதனால் காஜா பெராங்கில் யாருக்கும் சோறு இறங்காமல் போகாது.

காரணம் ஆயுத பூஜைதான். கோகிலாவின் கணவன் தேவதாஸ் அரசாங்க இலாகா ஒன்றில் கிராணி, குமாஸ்தா வேலை. அவனுடைய துரை கப்பலேறி ஊருக்குப் போகும்போது தன் கோல்ஃப் பையை மட்டைகளோடு அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை வெள்ளைக்காரர்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த கிளேபாங் பக்கத்துத் திடலில் இனி நம்மவர்களும் ஆடலாம் என்று ஆகிவிட, தேவதாஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேச்சுக்குத்தான் சொல்கிறேன், நிஜமாகவே கால் தரையில் நிற்காமல் போனது அவன் பெண்டாட்டிக்கு. ஆயுத பூஜை வந்தது. மற்ற வீடுகளில் அரிவாள்மனையும் சைக்கிளும் தையல் மெஷினும் பூஜைக்கு இருந்தால், தேவதாஸ் வீட்டில் கோல்ஃப் மட்டைகள் சரஸ்வதி படத்தின் கீழே வரிசையாகப் படுத்திருந்தன. பொட்டு வைக்க அகலமான முகம் மூன்றுக்குத்தான் இருந்தது. மூன்றும் வெட்ஜ், பந்தைத் தூரமாக விரட்டாமல் மேலே கிளப்பிப் பக்கத்தில் போடுகிற மட்டைகள். பிட்சிங் வெட்ஜ் ஒன்று, மணல்குழியிலிருந்து பந்தைக் கிளப்பும் சேண்ட் வெட்ஜ் ஒன்று. மூன்றாவதற்குப் பேர் கிடையாது, அதன் முகம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. கோகிலா மூன்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். வைத்த விரலைத் துடைக்காமல் அதே குங்குமத்தைத் தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டு சூடம் காட்டினாள். செய்யக்கூடாத காரியம் அதுதான். ஆயுதத்துக்கு வேறு, ஆளுக்கு வேறு என்று குங்குமத்தைப் பிரித்து வைப்பார்கள் பெரியவர்கள். அவசரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

கோகிலா மக்கு இல்லை. புருஷன் வீட்டுக்கு வந்து, இன்றைக்குப் பிட்சிங் வெட்ஜில் இப்படி அடித்தேன், சேண்ட் வெட்ஜில் அப்படி அடித்தேன், ஒரு பந்து மணலில் புதைந்தே போச்சு என்று அளந்துகொண்டிருந்தபோது, அவள் தன் ஏற்ற இறக்கங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டாள். பந்து போன உயரத்துக்குத் தான் போகிறோம், பந்து புதைந்தால் தானும் புதைகிறோம். இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப் புரிந்துவிட்டது. புருஷனிடம் மட்டும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க முக்காலியில் ஏறினாலே கால் நடுங்கும் மனுஷன் அவன். தெரிந்தால் மறுநாளே மட்டைகளைத் தலையைச் சுற்றி வீசிவிடுவான். அவளுக்கோ மேலே போவது பிடித்துப்போயிற்று, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்! ஞாயிறு காலையானால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, சேலையின் கால்பக்கத்தில் ஊக்கு குத்திக்கொண்டு கொல்லைக்கு வந்துவிடுவாள். தெருவும் பழகிக்கொண்டது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். காஜா பெராங்கின் வாய் இந்த ஒரு விஷயத்தில், தேவதாஸ் எதிரில் மட்டும், தானாகவே மூடிக்கொண்டது.

அப்புறம் ஒரு நாள் தேவதாஸ் மூன்றாவது வெட்ஜை எடுத்தான். ஒரு மரத்தைத் தாண்டிப் பந்தைப் போட வேண்டியிருந்ததாம். கோகிலா கூரையைத் தாண்டினாள், தென்னை உச்சியைத் தாண்டினாள், கோயில் கோபுரத்தையும் பள்ளிவாசல் கூம்பையும் தாண்டினாள். கடல் தெரிந்தது, கப்பல்கள் தெரிந்தன. வடமேற்கே, புக்கிட் ரம்பாய் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே பால்வெட்டுக்காரர்கள் குடியிருக்கும் ஒரு லயத்து முற்றமும் தெரிந்தது. அங்கே தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தது அவள் தங்கை பூங்காவனம்.

முறைமாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேவதாஸைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து கோகிலாவுக்கு அந்த முற்றம் இல்லை. அப்பா அப்பாசாமி ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி; பால்வெட்டுக்காரர்களை விடியுமுன் பெயர் சொல்லி எழுப்பும் குரல். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். மூத்த மகள் செத்துப்போனாள் என்று சொல்லித் தலை முழுகிவிட்டார். ஆகவே மேலே நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தில் கோகிலா "பூங்கா!" என்று கத்தினாள். பூங்காவனம் கையை நெற்றிக்கு மறைவு வைத்து அண்ணாந்து பார்த்தாள். அக்கா! அடுத்த ஞாயிறு அவள் சிவப்புச் சேலையை முற்றத்தில் விரித்துப் போட்டு, அதன் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். இறங்கி வந்த கோகிலா கொல்லையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து அழுதாள்.

இதன் பிறகுதான் சனிக்கிழமை சாயங்கால வழக்குகள் தொடங்கின. தேவதாஸ் பாயில் மூன்று வெட்ஜையும் அடுக்கி வைத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று மோவாயைச் சொறிந்துகொண்டிருப்பான். கற்றுக்குட்டிக்கு இரண்டு போதும் என்று துரை விட்டுப்போன பத்திரிகை ஒன்றில் போட்டிருந்தது. கோல்ஃப் என்றால் எத்தனை குழி என்றுகூடத் தெரியாத கோகிலா முழங்காலிட்டு வாதாடுவாள். "ரசக் கரண்டியால தோசைய திருப்ப முடியுமா? அதது அதுக்குன்னு இருக்குல்ல. மூணாவதையும் எடுத்துட்டுப் போங்க. நிறைய அடிங்க. மேல பார்த்து அடிங்க." தேவதாஸ் அசந்துபோய்விடுவான். கிளப்பில் போய், என் பெண்டாட்டியின் கோல்ஃப் ஞானத்துக்கு முன்னால் துரைமார் கைகட்டி நிற்க வேண்டும் என்று பெருமை பேசுவான். அவனோடு ஆடும் சுங்க இலாகா கிராணி மாணிக்கவாசகம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உனக்கு ஆட்டமும் வரவில்லை, மட்டையையும் குறைக்கத் தெரியவில்லை என்று கிண்டல் செய்வார்.

இப்படிப் பத்து மாதம் ஓடியது. மெர்டேக்காவின் முதலாண்டு நிறைவுக்குக் கோப்பைப் போட்டி வைத்தார்கள். ஆடத் தெரியாத தேவதாஸ், கொடுத்து வைத்தவன், எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டான். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, எதிராளி மாணிக்கவாசகம். போட்டி என்றால் சட்டம் சட்டம்தான்: பையில் பதினான்கு மட்டைக்கு மேல் கூடாது. தேவதாஸ் பையில் பதினைந்து. அதே வாரம் ஜமீலாவின் புருஷன் யூனுஸ், தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் துணி விற்பவர், கோகிலாவின் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தித் தயங்கித் தயங்கிச் சொன்னார். பூங்காவனத்துக்குக் கூறைச் சேலை அவரிடம்தான் எடுத்தார்களாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி. அதே ஞாயிறு காலை, பத்து மணிக்கு மேல் முகூர்த்தம்.

அந்தச் சனிக்கிழமை தேவதாஸ் மோவாயைச் சொறியவில்லை. மூன்றாவது வெட்ஜை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தினான். "இந்தத் தடவை ஒண்ணும் சொல்லாத கோகிலா. இது கப்பு விசயம்." கோகிலா கரண்டிக் கதை சொன்னாள், எடுபடவில்லை. மேல பார்த்து அடிக்கணும் என்றாள், எடுபடவில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். தேவதாஸ் அவள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தான்.

"காய்ச்சலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு மேல என் தங்கச்சி கழுத்துல தாலி ஏறுது. எனக்கு அழைப்பு இல்ல. அந்த மட்டைய விட்டா எனக்கு வேற வழி இல்லீங்க."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"காஜா பெராங் முழுக்கத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

தேவதாஸ் மட்டை துடைக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். காலையில் அவள் குழாயடிக்குப் போய் வருவதற்குள் சைக்கிளில் கிளம்பியும் போய்விட்டான். கதவுக்குப் பின்னால் பார்க்கக் கோகிலாவுக்குத் தைரியம் வரவில்லை. கொல்லையில் போய் நின்றாள். எட்டு மணிக்கு ஓட்டுக்கூரை வரை ஒரு தூக்கு, இறக்கம். இதை யார் கேட்டது என்று பிட்சிங் வெட்ஜைத் திட்டினாள். ஒன்பதரைக்கு முருங்கைக்கிளை வரை ஒரு துள்ளல். பத்து அடித்தது. ஒன்றும் இல்லை. தரை அவளைப் பிடித்துவைத்துக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஜமீலா, யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். இனிப் பொறுக்க முடியாது என்று கோகிலா உள்ளே ஓடிக் கதவை இழுத்துப் பார்த்தாள். அங்கே சாத்தியிருந்தது வெட்ஜ் அல்ல. பந்தை வெகுதூரம் விரட்டுகிற அந்தப் பெரிய தலை மட்டை, டிரைவர் என்பார்கள், தேவதாஸ் ராத்திரி எண்ணெய் போட்டுத் துடைக்கும் மட்டை, அது நின்றிருந்தது. படுபாவி, அதை விட்டுவிட்டா கப்பு ஆடப் போயிருக்கிறான்! கோகிலா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. அதே நேரம் குதிகால் தரையைவிட்டு எழும்புவதை உணர்ந்தாள். விட்டத்தில் தலை இடிக்குமே என்று ஒரே ஓட்டமாகக் கொல்லைக்கு ஓடினாள். வாசற்படியைத் தாண்டும்போதே பாதி உயரம் போயாகிவிட்டது.

அப்படி அவள் அதுவரை போனதில்லை. புக்கிட் காதில் குன்று ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் மலாக்கா முழுக்கக் காலடியில். புக்கிட் ரம்பாயிலிருந்து நாகஸ்வரம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. கோயில் முன்னால் பந்தல் போடவில்லை. மணவறை வெட்டவெளியில் இருந்தது. பூங்காவனம்தான் பந்தல் வேண்டாம் என்று அடம்பிடித்தாளாம், ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லையாம். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. அப்பாசாமி, எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று தானும் அண்ணாந்து பார்த்தார். மரத்துக்கு வராமல் போன பால்வெட்டுக்காரியைப் பார்க்கும் அதே முறைப்பு. கோகிலா அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள், அதற்குள் கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது, எல்லோரும் மஞ்சளரிசியை மணமக்கள் மேல் போட்டார்கள். அப்பாசாமி தன் கைப்பிடி அரிசியை மணமக்கள் மேல் போடவில்லை. அதை நேரே மேலே வீசினார். அரிசி ஏறிக்கொண்டே வந்தது.

கிளேபாங் திடலில் நடந்ததை மாணிக்கவாசகம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் இல்லாமலேயே தேவதாஸ் கடைசிக் குழி வரை சமமாக ஆடி வந்துவிட்டானாம். பந்து குழிக்குப் பக்கத்தில். சும்மா உருட்டிவிட்டால் கோப்பை. அவனோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மூன்றாவது வெட்ஜை உருவினான், வானத்தைப் பார்த்து அடித்தான். பந்து போனது, வரவில்லை. சட்டப்படி ஐந்து நிமிஷம் தேடிக் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்த கணக்கு. ஆனால் யாரும் தேடவில்லையே, வெள்ளைப் புள்ளியாக எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதே! கிளப் செயலாளர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, பந்து ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திருக்க வேண்டியதுதான் என்று தேநீருக்குச் சொல்லி அனுப்பினார். மாணிக்கவாசகம் சுருட்டுப் பற்றவைத்தார். தேவதாஸ் மட்டும் நெஞ்சில் கை வைத்து அண்ணாந்தபடி, "இன்னும் தாலி ஏறல போல," என்றானாம். கடைசியில் பந்து இறங்கியது, மணல்குழியில் புதைந்தது. அதை வெளியே எடுப்பதற்குள் கோப்பை கைமாறிவிட்டது.

அவன் வீடு வந்தபோது கோகிலா கொல்லையில் கணுக்கால் வரை புதைந்து நிற்க, ஜமீலா அக்குளைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் சிரிப்பு தாளாமல் விழுந்துகொண்டிருந்தார்கள். "கப்பு?" என்று கேட்டாள் கோகிலா. மாணிக்கவாசகத்துக்கு என்றான். அவள் முகம் சுருங்குமுன் அவன் அவள் தலையைப் பார்த்துவிட்டான். கூந்தல் முழுக்க மஞ்சளரிசி.

"இது யாரு போட்டது?"

"அப்பா."

தேவதாஸ் மண்ணில் மண்டியிட்டான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் பிடித்து வந்தவர்கள்; அவர்கள் தலையில் அன்று யாரும் எதுவும் போடவில்லை. "எனக்கும் ரெண்டு போடு கோகிலா," என்று தலையைக் குனிந்து நீட்டினான். அவள் தன் கூந்தலிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டாள்.

டிரைவரை அந்த மாதமே தேவதாஸ் விற்றுவிட்டான். அப்பாசாமி காஜா பெராங்குக்கு வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லயத்து முற்றத்துக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, மேலே முகம் தெரிகிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். காஜா பெராங்கில் ஜமீலா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, "மேல போனா கிளேபாங் பக்கம் மழை இருக்கான்னு பார்த்துச் சொல்லுலா, மிளகாய் காயப்போடணும்," என்று சொல்லிவைப்பாள். கோகிலா பார்த்துச் சொல்வாள்.