பரத்னு கூப்பிடுங்க

திங்கட்கிழமை காலை. கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் நிற்க இடமில்லை. பதிவு கவுண்டரில் ராணி ஒற்றை ஆளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வருட வேலை. ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிடுவாள்.

அடுத்து வந்தவன் வலது அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தான். இருபத்தாறு வயது, கத்தரித்த தாடி, நீலச் சீருடை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் வேலை. ஷிஃப்டுக்குக் கிளம்பியவனைப் பாதி வழியிலேயே வலி மடக்கிவிட்டது. ஆதாரையும் காப்பீட்டு அட்டையையும் நீட்டினான். இரண்டிலும் 'எழிலரசி, பெண்' என்று இருந்தது. படத்தில் இரட்டைப் பின்னல்.

"யாரு கார்டுபா இது? தங்கச்சியுதா?"

"என்னோடதுதான்கா." குரலைத் தாழ்த்தினான். "நான் திருநம்பி. அது பழைய பேரு. மாத்த எழுதிக் குடுத்துகீறேன், இன்னும் வரல. பரத்னு கூப்பிடுங்க."

திருநங்கை என்ற சொல் ராணிக்குத் தெரியும். பிறந்தபோது பெண் என்று பதிவாகி, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்கிறவரைத் திருநம்பி என்பார்கள் என்பது தெரியாது. போன மாதம்தான் ஒருவர் அடுத்தவர் அட்டையில் வைத்தியம் பார்த்துவிட்டுப் போக, மேனேஜர் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். அந்தப் பயம் வாயைத் திறந்தது.

"இன்னா நம்பியோ! கார்டுல பொண்ணுன்னு கீது, நீ தாடி வெச்சுகினு நிக்கிற. ஆம்பளையா பொம்பளையா, அத்த மொதல்ல சொல்லு."

கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கோ ஒருவர் சிரித்தார். செக்யூரிட்டி வரதன் எட்டிப் பார்த்தார். "அதை ஓரமா ஒக்கார சொல்லும்மா. கூட்டம் நிக்கிது."

பரத் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. பத்து நிமிடத்தில் ராணியின் மைக் அலறியது. "எழிலரசி! யாருப்பா எழிலரசி?"

எழுந்தான். அத்தனை தலைகளும் திரும்பின. பக்கத்திலிருந்த பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒருவர் செல்போனை உயர்த்தினார். பரத் கவுண்டர் பக்கம் போகவில்லை. வயிற்றைப் பிடித்தபடி வாசலைத் தாண்டினான்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஹேமாவதி வெளியே வந்தார். "நீல யூனிஃபார்ம் போட்டவர் எங்க? வரும்போதே பார்த்தேன், வலது அடிவயித்தப் பிடிச்சுட்டு, வேர்த்து ஊத்திட்டு உட்கார்ந்திருந்தாரே?"

"அது அப்பவே எழுந்து போயிடுச்சு டாக்டர்" என்றாள் ராணி.

"எது போச்சு? நாற்காலியா?"

ராணி திணறினாள். "கார்டுல லேடீஸ் பேரு டாக்டர். ஆணா பொண்ணான்னு கேட்டேன்..."

"குடல்வாலா இருந்தா வெடிச்சிடும் ராணி! வயிறு பூரா சீழ் பரவிடும். ஓடுங்க!"

ராணி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். படிவத்தில் இருந்த எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பேருந்து இரைச்சலில் "எழிலரசி! எழிலரசி!" என்று கத்தினாள்.

ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏறி உட்கார்ந்திருந்த பரத்தின் காதில் அது விழுந்தது. இங்கேயுமா துரத்துகிறார்கள்? முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். "எடுங்கண்ணே, போலாம்." ஆட்டோ உறுமி நகர்ந்தது.

அவன் சொன்ன பெயர் அப்போதுதான் ராணிக்கு நினைவு வந்தது. தொண்டை கிழியக் கூவினாள். "பரத்! தம்பி, பரத்!"

நீலச் சட்டைக்காரன் திரும்பிப் பார்த்தான். டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தினான். இறங்கி ஓரடி வைத்தான். அப்படியே ரோட்டில் சரிந்தான்.

வரதன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அதோட காலைப் பிடிம்மா."

"அதுன்னு சொல்லாதீங்கண்ணே! அவரு!" ராணி குனிந்து கால்களைத் தூக்கினாள்.

மதியமே அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கைமீறியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் மாலை ராணி வார்டுக்குப் போனாள். பரத் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் போகவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்பா. கார்டு மோசடியோன்னு பயந்துட்டேன். ஆனா அதுக்காக அப்டிக் கேட்டிருக்கக் கூடாது."

பரத் சுவரைப் பார்த்தபடியே பேசினான். "வலியைக்கூடத் தாங்கிகினு ஒக்காந்திருந்தேன்கா. நீங்க கூப்பிட்டதத்தான் தாங்க முடியல. செத்தாலும் பரவால்லன்னுதான் ஆட்டோல ஏறினேன்."

ராணிக்குக் கண் நிறைந்தது. "இனிமே எப்டித்தான் கேக்கணும்? நீயே சொல்லு."

"'உங்கள எப்டிக் கூப்பிடணும்'னு கேளுங்க, போதும். ஒடம்பப் பத்தி டாக்டர் கேக்கட்டும். அவங்களுக்குத் தேவை. கூடத்துல கீறவங்களுக்கு இன்னாத்துக்கு?"

அந்த வாரமே ராணி மேனேஜரிடம் மன்றாடி, பதிவுப் படிவத்தில் 'அழைக்க வேண்டிய பெயர்' என்று ஒரு வரி சேர்க்க வைத்தாள். வரதனுக்கு அது விளங்கவில்லை.

"ஒரு பேருக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"ஒரு பேர மாத்திக் கூப்பிட்டதுலதாண்ணே ஒரு உசுரே போகப் பாத்துச்சு" என்றாள் ராணி. "ஒரு மனுசன் தன்ன யாருன்னு சொல்றாரோ, அத்த நம்பி அப்டியே கூப்பிடணும். நமக்குப் புரியலன்னா மரியாதையா கேட்டுக்கணும். வாசல்லயே மரியாதை கெடைக்கலன்னா, உள்ள எவ்ளோ பெரிய டாக்டர் இருந்தும் யாருக்கு இன்னா பிரயோஜனம்?"