பெக்மனின் வலது கை

கூடத்துச் சுவரில் அந்தப் படம் ஏறிய நாளிலிருந்து ஆர்லீன் பின்கட்டு வழியாகத்தான் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஊர்ச் செங்கல் சூளைக்காரர்கள் காசு கொடுத்து ஆடவிட்ட அமெரிக்க ஃபுட்பால் அணியின் படம் அது. தோல் தொப்பி, சேறு அப்பிய சட்டை, உடைந்த மூக்கு. அவளுடைய அப்பா எமில் ஹுடாக், உருக்காலை வேலை போக மிச்சமிருந்த நேரத்தையெல்லாம் இந்த ஆட்களைத் துரத்துவதிலேயே செலவழித்தவர். பீர் கடையில், முடிவெட்டும் கடையில், ஒரு தடவை சாவு வீட்டில்கூட நின்று இந்தப் படத்தின் மேல் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தபாலில் வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "பொண்டாட்டி போட்டு அனுப்பியிருப்பா. நீ கண்டியா?" என்பார். கண் முன்னால் பேனா ஓட வேண்டும். வேறு எதையும் அவர் கையெழுத்தாகவே மதித்ததில்லை.

படத்தில் ஒருவர் மட்டும் பாக்கி. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓட்டிஸ் பெக்மன். யாருக்கும் கையெழுத்துப் போடாத ஆள். முன்பு எமில் போய்க் கேட்டபோது, "நான் ஆடினதப் பாத்தியா?" என்றாராம்.

"சின்னப் பையனா இருக்கறப்ப பாத்தேன் சார்."

"அப்ப அது போதும். கெளம்பு."

மற்றவர்கள் ஒவ்வொருவராய்ச் செத்துப்போனார்கள். பெக்மன் மட்டும் ஆற்றோரத்து முதியோர் இல்லம் ஒன்றில் உயிரோடிருப்பதாகத் தகவல் வந்தபோது எமிலுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு இல்லை. ஆலைப் புகை நுரையீரலைத் தின்றிருந்தது.

"நீ போய்ட்டு வாம்மா. நம்ம குடும்பத்துல படிச்சவ நீ ஒருத்திதான். உங்கிட்ட முடியாதுன்னு சொல்ல மாட்டாரு."

அவளுக்கு எரிந்தது. வரிப் படிவம் என்றாலும் படிச்சவ, ஆஸ்பத்திரியில் சண்டை போட வேண்டுமென்றாலும் படிச்சவ. பட்டம் வாங்கியது இந்த வீட்டுக்கு ஏவலாள் ஆகத்தானா? ஆனாலும் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

பெக்மன் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கவாதம். வலது கை மடியில் முஷ்டியாக இறுகிக் கிடந்தது. அவள் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும், "வேண்டாம்" என்றார்.

தாதி சிரித்தாள். "அவருக்கு மிஞ்சினது அந்த ஒரு சொல்லுதாம்மா. காப்பி வேணுமான்னாலும் வேண்டாம், பாதிரியார் வந்தாலும் வேண்டாம். நீங்க கண்டுக்காதீங்க." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஆர்லீன் கண்டுகொள்ளவில்லை. அந்த முஷ்டியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பேனாவைச் செருகினாள். மேலே தன் கையை வைத்து மூடி, பெயரை எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அவர் "வேண்டாம், வேண்டாம்" என்றபடி இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பாசத்தில் பிடிக்கிறார் என்று வண்டியில் திரும்பும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது.

"பேனா ஓடினத நீ கண்ணால பாத்தியா?" என்று எமில் கேட்டார்.

"பாத்தேம்ப்பா."

பொய்யில்லை.

எமில் அழுதுவிட்டார். அவருடைய போட்டிச் சேகரிப்பாளரான பக்கத்து வீட்டு கஸ் வந்து படத்துக்கு முன்னால் குனிந்து நின்றார். "நாசமாப் போறவனே, வாங்கிட்டியேடா!"

"நான் எங்கடா வாங்கினேன்? எம் பொண்ணு வாங்கினா. வயித்தெரிச்சல்ல சுவத்த எரிச்சிடாத."

வருகிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொன்னார். எம் பொண்ணு, எம் பொண்ணு.

குளிர் விட்டதும் ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நேர்ல போய் நன்றி சொல்லணும். ஈஸ்டருக்குச் சுட்ட வால்நட் ரொட்டிய எடுத்துக்க."

அவள் மழை வரும் என்றாள், வண்டி சரியில்லை என்றாள். எதுவும் எடுபடவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் எமில் தொப்பியைக் கழற்றினார். வாய் நிறையச் சிரிப்போடு கை குலுக்கக் குனிந்தவர், அந்த வலது கையைப் பார்த்தார். இறுகிய முஷ்டி. சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிட்டு நீட்டினார். "கொஞ்சம் சாப்பிடுறீங்களா சார்?"

"வேண்டாம்" என்றார் பெக்மன். சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். எமில் ஊட்டினார். மென்று முடித்ததும் மறுபடி "வேண்டாம்", மறுபடி வாய் திறந்தது. இடது கை எமிலின் சட்டையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.

ஆக, அவர் 'சரி' என்பது இப்படித்தான் இருக்கும். அன்றைக்கு இருந்தது இதுவல்ல. அன்றைக்கே அது அவளுக்குத் தெரியும்.

"அப்பா, நாந்தான் போட்டேன்" என்றாள். "அவரு விரலப் பிரிச்சு, பேனாவ வெச்சு, நாந்தான் இழுத்தேன். அவரு என்னத் தடுத்தாரு."

எமில் கையிலிருந்த ரொட்டியைக் காகிதத்தில் வைத்தார். "எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார். "அது என் கையா?"

அவள் பெக்மனின் நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். முஷ்டியைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் பண்ணது தப்பு சார். மன்னிச்சிடுங்க."

"வேண்டாம்" என்றார் பெக்மன்.

அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள். அது போர்வை மேல் சும்மா கிடந்தது. தட்டிக்கொடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அது அசையும் என்று ஆர்லீன் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.