பள்ளிக்குக் கீறிய கை

1933இல், அம்பிட்டியச் சித்திரப் பள்ளியின் பெயர்ப்பலகையில் நான் சாயத்தால் கீறியிருந்த யானை மழையில் தும்பிக்கையை இழந்தது. பிறகு தந்தமும் போயிற்று. மிஞ்சியதைப் பன்றி என்று சொல்லி மடவளையில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானையொன்று அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. பாகன் சொல்லித் தெரிந்ததல்ல. என்னைக் கண்டதும் யானையே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தலைமை ஆசிரியர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். கூப்பிட்டு அனுப்பினார்.

"மஹ்ரூப், பள்ளிக்குப் புதுச் சின்னம் வேணும். பலகை, கடிதத்தாள், சான்றிதழ், எல்லாத்துக்கும் ஒண்டுதான். மிருகம் வேண்டாம்."

சான்றிதழ் என்றதும் வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டேன்.

காரணம் அழகம்மா. வத்தேகமப் பக்கத்துத் தோட்டக் கணக்கப்பிள்ளையின் மகள், பள்ளி மாணவி. இடக்கையால் வரைவாள். அவள் வண்ணத்துப்பூச்சி வரைகிற நாளில் ஜன்னல்களைச் சாத்திவைக்க வேண்டும். பிள்ளைகள் உட்காரும் கதிரைகளுக்குச் சாயம் பூசும் சாக்கில் இரண்டு வருஷம் அந்தக் கையைப் பார்த்தேன். ஒரு கதிரைக்குப் பதினேழு பூச்சு. சொல்ல நினைத்ததை மட்டும் சொல்லவில்லை. தேயிலை விலை விழுந்து தோட்டத்தை மூடினார்கள். பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டாள்.

"சர்டிபிகேட் வந்தா அனுப்பச் சொல்லுங்க நானா" என்றாள், கண்டி ஸ்டேஷனில்.

நானா என்றால் அண்ணன். எங்கள் ஆட்கள் எல்லாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆக, சின்னம் தூரிகை பிடித்த அவளுடைய இடக்கை. பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிடும். நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

மாதிரியைக் காட்டியதும், யாருடைய கை என்று கேட்டார் வீரசிங்கம். "உது ஆற்றை கை?"

"கலையிட கை, சேர்."

"கலைக்கு வலக்கை இல்லையோ?"

"அது சாப்பிட்டுட்டு இருக்கு, சேர்."

அச்சுக்கட்டையைப் பலா மரத்தில் நானே வெட்டினேன். பலகை எழுதுகிறவனுக்கு அதுதான் முதல் கட்டை. "எழுத்தெல்லாம் திருப்பி வெட்டணும் மச்சான், இல்லாட்டி மாறி விழும்" என்று அச்சுக்கூடத்து ஹுஸைன் எச்சரித்திருந்தான். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வெட்டினேன். கையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. கீறியபடியே, மயிரிழை பிசகாமல் வெட்டினேன்.

தாளில் எழுத்து நேராக விழுந்தது. கை வலக்கையாக விழுந்தது.

அறுபது சான்றிதழும் அடித்து, அழகம்மாவுடையதைத் தபாலிலும் சேர்த்த பிறகுதான் வீரசிங்கம் எனக்குக் காட்டினார். "நான் சொன்னதை யோசிச்சுத் திருத்திப்போட்டாய். நல்ல பொடியன் நீ."

மூன்றாம் மாதம் பள்ளிக்குக் கடிதம் வந்தது. "சான்றிதழ் கிடைத்தது. சின்னத்தை மஹ்ரூப் நானா வரைந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கை யாருடையது? நெடுநாள் பார்த்துப் பழகிய கை போலிருக்கிறது. அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லவும்."

"என்ன எழுதட்டும்?" என்றார் வீரசிங்கம்.

"கண்ணாடியில காட்டிப் பாக்கச் சொல்லுங்க, சேர்."

"பகிடி விடாதை" என்று என் விளையாட்டைக் கடிந்தபடியே அதை எழுதினார். கண்ணாடிக்குள் அது மறுபடி இடக்கையாகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பதில் வரவில்லை. அடுத்து வந்த தலைமை ஆசிரியர் புதுச் சின்னம் கேட்டார். தாமரை என்றார்; வாடிவிடும் என்றேன். வாவி என்றார், வற்றிவிடும் என்றேன். கடைசியில் உண்மையைச் சொன்னேன்: அக்கரையில் ஒருத்தி இன்னும் கண்ணாடி தேடிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் மாற்றக்கூடாது. அவர் சிரித்துவிட்டு, வேறு ஆளைப் பிடித்துத் தாமரையைக் கீறுவித்தார்.

கட்டை என்னிடம்தான் இருக்கிறது. அவ்வப்போது மை தடவி ஒரு தாளில் அடித்துப் பார்க்கிறேன். இதுவரை வலக்கைதான் விழுகிறது.