கொளஞ்சி எந்த வகை

ஊஞ்சலில் தையல்நாயகியின் நாத்தனார் செல்வாம்பாள். ஆடினால் மயக்கம் வருமென்று ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தாள். வாசலோரம் நாற்காலியில் தையல்நாயகியின் தம்பி கன்னியப்பன், மில்லிலிருந்து வந்த சட்டையோடு. ஜன்னலடியில் பாயில், கண்ணை மூடியபடி மகள் கொளஞ்சி. கடிதம் எழுதச் சாய்வு மேசையை முன்னால் இழுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் தையல்நாயகி.

புருஷன் அரிகிருஷ்ணன் சைகோனிலிருந்து எழுதியிருந்தார். அவருடைய கம்பெனியில் ஆட்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்களாம்: அடங்கினவர், முரண்டுக்காரர், கனவுக்காரர். 'நம் பெண் எந்த வகை? அடங்கினவள் என்றால் செல்வாம்பாளக்கா மகனுக்கு இப்போதே பேசி வைப்போம். முரண்டு என்றால் கப்பலேற்றிவிடு, இங்கே கன்னியர் பள்ளியில் சேர்க்கிறேன். கனவு என்றால் படிப்பை நிறுத்தி வீட்டு வேலை பழக்கு.'

கொளஞ்சி தவழும்போது கப்பலேறியவர். ஒரு சொல் எழுதினால் போதும், பெண்ணின் வாழ்வு அதன்படி போய்விடும்.

"அடங்கினவதான்," என்றாள் செல்வாம்பாள். "எங்க வீட்டுக்கு வந்தா பேச்சு மூச்சு இருக்காது."

"அது ஒங்க வீட்லக்கா," என்றான் கன்னியப்பன். "எங்கிட்ட ஒண்ணுக்கு ஒம்போது பேசுவா. சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போனா, நீ மிதிக்கிற லட்சணத்துக்கு நான் நடந்தே வரேன்னு எறங்கிட்டா."

"எல்லாம் நீ குடுக்கற எடம்."

கடற்காற்று கிளம்பியது. திரைச்சீலை உப்பிப் புடைக்க, கூடமே மெல்ல நங்கூரம் தூக்கியதுபோல் இருந்தது. ஊஞ்சலில் ஒரு தலை சாய்ந்தது. நாற்காலியில் ஒரு வாய் திறந்துகொண்டது. சுண்ணாம்புச் சுவர் வெயிலில் தண்ணீராய் அலைந்தது.

"தூங்கறியா?" தையல்நாயகி குனிந்து கேட்டாள்.

"இல்ல."

"அத்தகிட்ட ஏன் பேசறதில்ல?"

"அத்தைக்குப் பேசணும். நானும் பேசுனா யாரு கேக்கறது?"

"மாமாகிட்ட?"

"சண்ட போட்டா மாமா சிரிக்கும். மில்லுலேருந்து வர்றப்ப மூஞ்சே நல்லாருக்காது."

"தனியா இருக்கறப்ப?"

கொளஞ்சி கண்ணைத் திறந்து பார்த்தாள். "தெரியலம்மா. அப்ப யாரும் இல்லயே."

தையல்நாயகி பேனாவைக் கையில் எடுத்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். அமைதியான பெண் என்று அரிகிருஷ்ணன் முடிவு கட்டினார். தொண்டை சீக்கிரமே சரியாகிவிட்டது. ஆனால் அவர் எதிரில் அந்த அமைதி அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கு எழுதும் கடிதங்களிலும்கூட அவள் தலைதான் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மை தொட்டு, வரி பிசகாமல் எழுதினாள்.

'நீங்கள் சொன்ன மூன்றில் எதையும் எழுதவில்லை. அவள் யாரோடு இருக்கிறாளோ அவர்களுக்குத் தக்கபடி இருக்கிறாள். உங்களோடு இருந்ததில்லை. ஆகவே உங்களிடம் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. லீவு போட்டு வந்து பாருங்கள். அதுவரை சம்பந்தப் பேச்சும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். பள்ளிக்கூடம் போய் வருவாள். இதில் எனக்கு மாற்று எண்ணம் இல்லை.'

ஊஞ்சல் கிறீச்சிட்டது. "அடங்கினவன்னு போட்டியா?"

"இல்லண்ணி. அவரை வரச் சொல்லியிருக்கேன்."

"அவனையா? நீயா?"

"நாந்தான்."

தையல்நாயகி உறையின் ஓரத்தில் சோற்றுப் பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டினாள். கன்னியப்பனை எழுப்பிக் கையில் கொடுத்தாள். அவன் தூக்கம் கலையாமலே அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தபாலாபீஸ் பக்கம் சைக்கிளைத் திருப்பினான்.