ஒரு குவியல் இரும்பு, தண்ணீரில் சர்க்கரை

முப்பதாயிரம் ரியால் என்ற தொகையை முக்பிலின் வாயில் யாரும் திணிக்கவில்லை. அவராகவே சொன்னார். அதுவும் மச்சினன் ஹம்மூத் காபிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சியாக உட்கார்ந்திருக்கும்போது. புரைதா பேரீச்சம்பழச் சந்தையில் நாற்பது வருஷம் விலை பேசிய வாய் அது. எதிராளி எந்தப் படிவரை ஏறுவான், எந்தப் படியில் மூச்சு வாங்கி உட்காருவான் என்று பார்த்து, அதற்கு இரண்டு படி மேலே நின்று பேசித்தான் அதற்குப் பழக்கம்.

சண்டை நிழலுக்காக வந்தது. வீட்டு முற்றத்தில் இருப்பது ஒரே ஒரு தகரக் கூரை. அதன் கீழ் ஒரே ஒரு வண்டிதான் நிற்கும். முப்பத்துமூன்று வருஷமாக அங்கே நின்றது முக்பிலின் ஷாஸ். டொயோட்டா கம்பெனியின் லேண்ட் குரூஸர் வகையில், பின்னால் திறந்த தொட்டி வைத்த, மணல் நிறத்து வண்டி. எண்பத்தாறில் புதிதாக வாங்கியது. பெண்களும் கார் ஓட்டலாம் என்று நாட்டில் அனுமதி வந்ததும், இந்த வருஷம் அவர் மனைவி வத்ஹா ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். எடுத்த கையோடு அதே கம்பெனியின் வெள்ளை கேம்ரி ஒன்றையும் வாங்கிவிட்டாள். ஜூலை வெயிலில் நின்ற கேம்ரியின் ஸ்டியரிங்கை அவள் அடுப்பங்கரைத் துணியால்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"உங்க கிழவி நிழல்ல படுத்துத் தூங்குறா. என் புதுப் பொண்ணு வெயில்ல வேகுறா. இது நியாயமா, அபூ ராக்கான்?" என்றாள் வத்ஹா, ஊர் வழக்கப்படி கணவரை மகன் பெயரைச் சேர்த்து அழைத்து.

"அது கிழவியா? எவன் சொன்னான்? ஹராஜுக்குக் கொண்டுபோனா முப்பதாயிரத்துக்குக் கொத்திட்டுப் போவானுங்க!"

"போனா?"

"போனா வித்துடறேன்."

"போகலைன்னா நான் இனிமே நிழலைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். ஹம்மூத், கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன் அக்கா," என்று ஹம்மூத் காபியை உறிஞ்சினான்.

பதினைந்துக்கு மேல் ஒருவனும் ஏற மாட்டான் என்பது முக்பிலின் கணக்கு. அந்தத் தைரியத்தில்தான் வெயில் தணிந்த ஒரு நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு, பழைய வண்டிகள் ஏலம் போகும் ஹராஜ் மைதானத்துக்கு ஷாஸை ஓட்டிக்கொண்டு போனார். ஹம்மூத்தும் கூடவே வந்தான், அக்கா அனுப்பிய கண்ணாக. வண்டியை நிறுத்திச் சாவியை உருவிய முக்பிலின் இடது கை, அவரைக் கேட்காமலே இருக்கைக்கு அடியில் போய்வந்தது. அங்கே, திருடர்களுக்காக, வண்டி கிளம்பாதபடி மின்சாரத்தை அறுக்கும் ஒரு குட்டிச் சுவிட்சை அவரே பொருத்தியிருந்தார். முப்பது வருஷப் பழக்கம். இறங்கும்போது தட்டுவார், ஏறும்போது தட்டுவார். தட்டுகிறோம் என்றே தெரியாது.

ஏலக்காரன் பர்ஜஸுக்கு ஒலிபெருக்கி கழுத்தோடு பிறந்தது. ஷாஸின் தொட்டியில் ஏறி நின்றதும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"வாங்க வாங்க! ஒரு குவியல் இரும்பு! தண்ணியில போட்ட சர்க்கரை! வாங்கினவன் வாங்கினதுதான்!"

ஹராஜில் எல்லா வண்டிக்கும் இதுதான் மந்திரம். வண்டி கரைந்தே போனாலும் நாளைக்கு வந்து விற்றவன் சட்டையைப் பிடிக்கக் கூடாது என்று அர்த்தம். இதைச் சொன்னபின் விற்பவன் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பது மரபு.

"யார் செஞ்ச வண்டி தெரியுமா? துணி நெய்யறவன் செஞ்சது! முந்நூறு வருஷமாக் கார் பண்ற பரம்பரை!"

"முந்நூறா?" கூட்டத்திலிருந்து ஒரு விரல் எழுந்தது. ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் தமீம். வாங்குவதற்காக அவர் ஹராஜுக்கு வந்ததே கிடையாது. திருத்துவதற்காகத்தான் வருவார். "அப்பன் தறி பண்ணினான். நூல் அறுந்தா தானா நின்னுடற தறி. மகன்தான் காருக்கு வந்தான். கம்பெனி ஆரம்பிச்சது முப்பத்தேழுல. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நீ ஏறி நிக்கிற இடத்துல ஒட்டகம் நின்னுச்சு."

"சரி வாத்தியாரே! ஜப்பான்ல ஃபூஜி மலை உச்சிக்கே ஏறின வண்டி!"

"உச்சிக்கு இல்ல. பத்துல ஆறாவது தங்கல் வரைக்கும். ஐம்பத்தொண்ணுல. அப்ப அதுக்கு லேண்ட் குரூஸர்னு பேரு கூட வைக்கல."

"மீதி நாலு தங்கலை இந்த வண்டி ஏறும்! எட்டாயிரத்துல ஆரம்பிக்கிறேன்!"

எட்டு பத்தாயிற்று, பத்து பன்னிரண்டாயிற்று. பதினாலில் கூட்டம் மெலிந்து இரண்டே பேர் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஒருவர் ஹாயில் பக்கத்து ஒட்டகக்காரர் உகாப், புகையிலை நிறத்து முகம். மற்றவர் ரியாதிலிருந்து வந்த பல் டாக்டர் ஃபிராஸ். வாரக் கடைசியில் மணல்மேட்டில் ஏறி இறங்க அவருக்குப் பழைய ஷாஸ் வேண்டும்.

பதினெட்டு என்றார் டாக்டர். இருபது என்றார் உகாப்.

முக்பில் கணக்குப் போட்டார். இப்படியே போனால் முப்பதைத் தொட்டுவிடும். விலையை ஏற்றத்தான் நாற்பது வருஷம் பாடுபட்டிருக்கிறார். இறக்குவது எப்படி என்று யோசித்துப் பார்த்ததில்லை. சட்டென்று ஒரு வழி தோன்றியது. ஹராஜ் பிறந்த நாளிலிருந்து யாரும் செய்யாத காரியம். குறையைச் சொல்லிவிடுவது!

"நில்லு பர்ஜஸ்! என் வண்டி சர்க்கரையும் இல்ல, தண்ணியும் இல்ல. அல்லாஹ்வுக்குப் பயந்தவன் நான். குறையைச் சொல்லித்தான் விப்பேன்."

ஒலிபெருக்கி கிறீச்சென்றது. "அபூ ராக்கான், உடம்பு சரியில்லையா? வெயில் ஏறிடுச்சா?"

"டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்காது. பத்து வருஷமாச்சு."

"நல்லது," என்றார் உகாப். "தூசி வராது. இருபத்தொண்ணு."

"இடது பக்கம் இந்தப் பள்ளத்தைப் பாருங்க. ஒட்டகம் உதைச்சது!"

உகாப் குனிந்து பள்ளத்தை உள்ளங்கையால் அளந்தார். "எத்தனை வயசு ஒட்டகம்?"

"நாலு."

"ஒட்டகத்துக்கு என்ன ஆச்சு?"

முக்பில் தயங்கினார். அல்லாஹ்வுக்குப் பயந்தவன் என்று இப்போதுதான் சொல்லியிருந்தார். "ரெண்டு நாள் நொண்டுச்சு."

கூட்டம் கைதட்டியது. "இருபத்துமூணு!" என்று டாக்டர் துள்ளினார்.

"ஏழு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு! அதுக்கு மேல மீட்டர் நின்னுபோச்சு!"

"ஏழு லட்சமா? இப்பத்தானே வயசுக்கு வந்திருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவன், "எங்க மாமா ஷாஸ் மீட்டர் ரெண்டு தரம் சுத்தி மறுபடியும் பூஜ்ஜியத்துல நிக்குது. மாமா போய்ச் சேர்ந்துட்டாரு, வண்டி இருக்கு," என்றான். வாத்தியார் கூட, "என் வீட்டுல மூணு டொயோட்டா இருக்கு. வேற வண்டி வாங்கினா மெக்கானிக்கோட சிநேகமாயிடணும். இதுல அந்தத் தொந்தரவு இல்ல, தனியாத்தான் இருக்கணும்," என்று சேர்த்துக்கொண்டார்.

இருபத்தைந்து. இருபத்தேழு.

குறை சொல்லச் சொல்ல விலை ஏறுகிறதே! முக்பில் முண்டாசை நெற்றியிலிருந்து தள்ளி வியர்வையைத் துடைத்தார். அவருக்குப் புரியவில்லை. ஹராஜில் உண்மை பேசுகிற ஒருவனைப் பார்த்தால், இத்தனையும் சொல்லிவிட்டானே, இனி மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் மற்றவர்களுக்குத் தோன்றும். பர்ஜஸுக்கு அது புரிந்துவிட்டது. "சொல்லுங்க அபூ ராக்கான், இன்னும் சொல்லுங்க!" என்று ஒலிபெருக்கியை அவர் வாய்க்கே நீட்டினான்.

"ஏசி குளிர்காலத்துல மட்டும்தான் வேலை செய்யும்!"

"ஏசி கேக்கறவனுக்கு ஷாஸ் எதுக்கு? இருபத்தெட்டு," என்றார் உகாப்.

"எறும்பு! முப்பத்துமூணு வருஷமாப் பேரீச்சம்பழம் ஏத்தியிருக்கேன். பழப்பாகு தரைக்குள்ள இறங்கிடுச்சு. எறும்பு புத்தே வச்சிருக்கு. உக்கார்ந்தா கடிக்கும்!"

டாக்டரின் உயர்ந்த கை பாதியில் நின்றது. வெள்ளை வெளேரென்ற தன் அங்கியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பல் டாக்டருக்குச் சர்க்கரை ஆகாது!" என்று யாரோ கத்த, மைதானம் சிரித்தது. டாக்டர் ஓரடி பின்வாங்கினார். உகாப் மட்டும் பிடிவாதமாக, "இருபத்தொன்பது. இதுக்கு மேல போக எனக்கு மனசில்ல," என்றார்.

"இருபத்தொன்பது ஒரு தரம்!"

முக்பிலின் முகத்தில் பவுர்ணமி. ஆயிரம் குறைகிறது. ஒரே ஒரு ஆயிரம்! தகரக் கூரையும் நிழலும் தப்பித்தன.

"இருபத்தொன்பது ரெண்டு தரம்!"

அப்போது ஹம்மூத் தொண்டையைக் கனைத்தான். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் சொல்வதுபோல, ஆனால் மைதானத்துக்கே கேட்கும்படி, "இருபத்தொன்பதே அதிகம்ப்பா. என்ன பெரிய ஷாஸ்? வீட்டுக்கும் சந்தைக்கும் பழக்கூடை சுமந்த வண்டி. மணலைக் கண்ணால பாத்திருக்குமா? பொம்பளைங்க கைப்பை மாதிரி," என்றான்.

முக்பிலுக்குக் காதில் ஏதோ வெடித்தது.

"எவன்டா சொன்னது? கைப்பையா? டேய் ஹம்மூத், வாதி ருமா காட்டாத்து வெள்ளத்துல தர்பூசணி லாரி மாட்டிக்கிச்சே, யாருடா இழுத்தது? இது! லாரியை இழுக்க வந்த டிராக்டர் மாட்டிக்கிச்சே, அதை யாரு இழுத்தது? இது! டிராக்டரை வேடிக்கை பாக்க வந்த ஒரு மடையன் புதுக் காரோட சேத்துல இறங்கி, கூரை மேல ஏறி உக்காந்து அம்மா அம்மான்னு கத்தினானே, அவன் யாருடா?"

"நான்தான்," என்றான் ஹம்மூத் பணிவாக.

"கேட்டீங்களா! மூணையும் ஒரே சாயங்காலத்துல! அதுக்கப்புறம் நஃபூத் பாலைவன மணல்ல ஹாயில் வரைக்கும் போய் மறுநாள் பழம் இறக்கினேன்! பெட்ரோலும் எண்ணெயும் தவிர இது என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. என் சொந்தக்காரன் எவனாவது அப்படி இருந்திருக்கானா? இதைப் போய்க் கைப்பைங்கிறான்! இருபத்தொன்பது என்னடா இருபத்தொன்பது, அறுபதுக்கும் இது..."

அங்கேதான் தன் குரலை அவரே கேட்டார். நாற்பது வருஷச் சந்தைக் குரல், சரக்கை உச்சியில் ஏற்றுகிற குரல். வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் டாக்டரின் கை ஏற்கெனவே ஆகாயத்தில் இருந்தது.

"இருபத்தொன்பதரை! எறும்பு இருந்தா இருக்கட்டும்!"

"முப்பத்தொண்ணு," என்றார் உகாப். டாக்டர் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. "டிராக்டரை இழுத்த வண்டி எனக்கு."

"முப்பத்தொண்ணு ஒரு தரம், ரெண்டு தரம்... அபூ ராக்கான், வித்தீங்களா?"

ஹராஜில் விற்பவன் தலையசைத்தால்தான் விற்பனை. முக்பில் ஹம்மூத்தைப் பார்த்தார். ஹம்மூத் காலியான காபிக் கிண்ணத்தைப் பிடித்ததுபோல விரல்களை வைத்துக்கொண்டு சிரித்தான். கொடுத்த வாக்கு. தலை அசைந்தது.

வண்டியை ஏலக் கூடாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கி, சாவியை உகாப் கையில் வைத்தார். எழுத்துவேலை முடிந்து வெளியே வந்தபோதுதான் வீட்டுக்குப் போக வண்டி இல்லை என்பது உறைத்தது. அதற்குள் வெள்ளை கேம்ரி வந்து ஹாரன் அடித்தது.

ஹம்மூத் பின்னால் ஏறிக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக முக்பில், மனைவி ஸ்டியரிங் பிடிக்க, அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே என்று தேடினார்.

"எவ்வளவு?" என்றாள் வத்ஹா.

"முப்பத்தொண்ணு. வித்தது நான் இல்ல. உன் தம்பி வாய்."

"நான்தான் சொல்லி அனுப்பினேன். விலை முப்பதுக்குக் கீழே நின்னா, வண்டியைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை கெட்டதாச் சொல்லு, மிச்சத்தை உன் மச்சானே பாத்துக்குவாருன்னு."

 முக்பில் உடம்பு குலுங்கச் சிரித்தார். நாற்பது வருஷம் சந்தையில் சுற்றி என்ன பயன்? பெரிய வியாபாரி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்!

இரண்டாவது சிக்னல் தாண்டவில்லை, கைபேசி அடித்தது.

"அபூ ராக்கான், நான் உகாப். சாவியைத் திருகுறேன், உன் வண்டி மூச்சே விடல. வாத்தியார் சொன்ன தறி மாதிரி தானா நின்னுடுச்சு. எல்லாக் குறையும் சொன்னியே, இதை ஏன் சொல்லல?"

முக்பில் தன் இடது கையைப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தட்டிவிட்டு இறங்கும்போது அது எங்கே போய்வந்தது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம் கத்திக் கத்தி எல்லாவற்றையும் ஒப்புவித்தவர் சொல்லாமல் விட்ட ஒன்றே ஒன்று.

"அது... ஃபோன்ல சொன்னாப் புரியாதுங்க. நேர்ல வந்து காட்டணும்."

"இருக்கைக்கு அடியில இருக்கிற சுவிட்சுதானே? தட்டச் சொல்லுங்க, முடிஞ்சுது," என்றாள் வத்ஹா.

"புரியாது," என்றார் முக்பில் உறுதியாக. "பெரிய மனுஷன். இருட்டறதுக்குள்ள அவர் ஹாயில் போகணும்."

வத்ஹா ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். கேம்ரியை ஒடித்துத் திருப்பினாள். முக்பில் கைப்பிடியைக் கண்டுபிடித்தார்.

சுவிட்சைத் தட்டியதும் ஷாஸ் உறுமியது. உகாப் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பலே ஆளு! இதுல இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கே?"

முக்பில் விரல்விட்டு எண்ணினார். மறுகைக்கும் போனார்.

"வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு வீதம் வந்து காட்டறேன். ஒரு வருஷம் ஆகும்."

"வா. ஒட்டகப்பால் கறந்து வைக்கிறேன்," என்றார் உகாப். "வர்றப்ப பழம் கொண்டுவா. எறும்புங்க பாவம், பட்டினியாக் கிடக்கும்."