வாகை மரத்து ஓட்டைகள்

வாகை மரத்தில் ஓட்டைகளை முதலில் பார்த்தது கங்கம்மாதான். பார்த்த கையோடு வேலியோரம் வந்து கத்தினாள்.

"இன்னா ஆசீர்வாதம், வெட்டமாட்டேன்னு சொன்னா ட்ரில்லு போட்டுப் பெருங்காயம் வெச்சிடுவியா?"

மரம் அவளுடையது. கிளைகள் மட்டும் வேலி தாண்டி ஆசீர்வாதத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் நீண்டிருந்தன. வெட்டச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் மசியவில்லை. போன சித்திரையில் இலையுதிர்த்த மற்ற வாகைகளெல்லாம் துளிர்த்தபோது இது மட்டும் மொட்டையாகவே நின்றுவிட்டது. துளை போட்டுப் பெருங்காயம் அடைத்தால் மரம் பட்டுப்போகும் என்று அந்தத் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். ட்ரில் மிஷின் இருந்ததோ சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் ஃபிட்டரான ஆசீர்வாதம் வீட்டில் மட்டும்தான்.

"யக்கா, பெருங்காயம் விக்கிற விலைக்கு ரசத்துக்கே போடறதில்ல. உன் மரத்துக்கா போடப்போறேன்?"

கங்கம்மா சிரிக்கவில்லை. "அத ஸ்டேஷன்ல வந்து சொல்லு. திங்கக்கெழம எழுதிக் குடுக்கறேன்."

அவர் சிரிப்பு நின்றது. போலீஸ் புகார் என்றால் கம்பெனி கேட் பாஸ் போய்விடும், அதோடு வேலையும்.

அவர் மகள் ஏஞ்சலின் விலங்கியல் படித்தவள். அடுத்தவர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. இருந்தும் வேலி தாண்டிப் போய், தளர்ந்திருந்த பட்டையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள். உள்ளே விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

"வண்டுப் புழு, ஆன்ட்டி. வண்டானதும் கடிச்சுக்கினு வெளிய வர்ற வழிதான் இந்த ஓட்டையெல்லாம்."

"பச்ச மரத்துலயா பூந்துது?"

ஏஞ்சலினுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல. பட்டுப்போன மரத்துல, இல்லன்னா பட்டுப்போற மரத்துலதான் முட்டை போடும்."

"அப்ப புழு அப்பால வந்துது. மொதல்ல மரத்தச் சாவடிச்சது யாரு? அதச் சொல்லு, படிச்ச பொண்ணு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி ஏஞ்சலினுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மரம் பட்டுப்போவதற்கு முன்னால், மழையில் கிளை விழுந்து கூரை ஷீட் உடைந்த அன்று, "இது ஒழிஞ்சாதான் நிம்மதி" என்றார் அப்பா. அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். ட்ரில் பெட்டியைத் திறந்து, துளை போடும் பிட்டுகளில் பெரியதை எடுத்தாள். அதன் பள்ளங்களில் பழுப்புத் தூள். மரத்தூளா, துருவா? முகர்ந்தாள். எண்ணெய் வாசனைதான்.

காலையில் அந்தப் பிட்டோடு மரத்தடிக்குப் போனாள். ட்ரில் போட்டால் ஓட்டை வட்டமாக விழும். இந்த வண்டின் ஓட்டை கொஞ்சம் நீண்டு, முட்டை வடிவில் இருக்கும். இவற்றின் நடுவில் ஒரே ஒரு வட்டம் இருந்தால் போதும், அது அப்பா வேலைதான். ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். எதிலும் பிட் சரியாக உட்காரவில்லை. ஒன்று இடித்தது, இல்லையென்றால் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு ஆடியது. மரத்துக்குள் எதுவோ கரகரவென்று கடித்துக்கொண்டிருந்தது.

"பொருந்துதாம்மா?"

வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா. கழுத்தில் ஐடி கார்டு, கையில் சாப்பாட்டுப் பை.

"இல்லப்பா."

"பின்னாடிப் பக்கமும் இருக்கு. அதையும் பாத்துடு."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் பின்பக்கம் போனாள். அங்கேயும் ஒரு வட்டம்கூட இல்லை. கடைசி ஓட்டையிலிருந்து பிட்டை உருவும்போது கங்கம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"பெத்த பொண்ணே தேடுது. அப்ப நான் கேட்டதுல இன்னா தப்பு?"

ஏஞ்சலினின் முகம் சூடாகிப்போனது.

"ஆமா ஆன்ட்டி, தேடினேன். ஒண்ணுகூட ட்ரில் ஓட்டை இல்ல." குரல் நடுங்கினாலும் வெளியே வந்துவிட்டது. பிட்டை நீட்டினாள். "ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களும் தேடுங்க."

கங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பிட்டை வாங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடிமரத்து முதல் ஓட்டையின் முன்னால் குந்தினாள்.